காந்தம் ஒட்டாத கத்தி

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. தில்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் கதிரவனின் சமையலறையும் எங்களுடையதும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. நான் ஒட்டுக்கேட்பவள் அல்ல. மிளகாய் வறுத்தால் ஜன்னலைத் திறந்துதானே ஆக வேண்டும்? அந்த வாரம் கொஞ்சம் நிறையவே வறுத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கத்தி என்பது மனித நாகரிகத்தின்…' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.)

பிறகு: 'தில்லிக் குளிரின் மூடுபனியில் ஒரு காதல்…' (நடந்தது ஜூன் மாதம். கூலர் அலறிக்கொண்டிருந்தது.)

கடைசியில் நின்றது இது: கதிரவனுக்குக் கல்யாணம் ஆகுமா என்பது ஒரு சேனைக்கிழங்கின் கையில் இருந்தது. (கிழங்குக்கு ஏது கை என்பவர்கள் வேறு கதை படிக்கலாம்.)

2

கதிரவன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நன்றாகச் சமைப்பான். சமையலைவிடக் கத்திகளைப் பற்றி நன்றாகப் பேசுவான். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படுவது அபிராமியை. தில்லியில் பிறந்தவள், வங்கியில் வேலை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவளிடம் அவன் கொஞ்சிய அழகைக் கேளுங்கள்:

"அபி, 420 ஸ்டீல் சுலபத்துல துருப்பிடிக்காது. ஆனா கூர் நிக்காது. 440சி-ல கார்பன் ஜாஸ்தி. நல்லா கெட்டிப்படும், கூர் நிக்கும். ஈரமா மட்டும் போட்டு வைக்கக்கூடாது."

"எல்லாரும் லவ் பண்ற பொண்ணுகிட்ட நிலாவைப் பத்திப் பேசுவாங்க, கதிர்."

"நிலா துருப்பிடிக்காது. அதுல பேச என்ன இருக்கு?"

"அச்சா! ஞாயித்துக்கிழமை அம்மா வராங்க. நீங்க சமைச்சதைச் சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்வாங்களாம். சேனை வறுவல் கேட்டாங்க. அப்புறம்… ஹேண்ட்பேக்ல காந்தம் இருக்கும். ஞாபகம் வெச்சுக்கோங்க."

கதிரவன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எனக்கு மிளகாய் கருகியது.

3

காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.* பாத்திரக் கடையில் நம் பெண்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டம். அபிராமியின் அம்மா மஹாலட்சுமி இதை மனிதர்களுக்கும் நீட்டிவிட்டார். முன்பு ஒரு வரன் வீட்டில் சாம்பார் வாளியில் காந்தம் ஒட்டிவிட்டது. "வாளியிலேயே ஏமாத்தறவங்க பொண்ணு விஷயத்துல என்ன பண்ண மாட்டாங்க?" என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தாராம்.

வாளிக்கு அது சரி. கத்திக்குத் தலைகீழ். காந்தம் ஒட்டாத 304 எஃகு பாத்திரத்துக்கு ராஜா. ஆனால் எவ்வளவு காய்ச்சிக் குளிர்வித்தாலும் கத்திக்கு வேண்டிய அளவு கெட்டிப்படாது, கூர் மடங்கிவிடும். நல்ல கத்தி எஃகில் காந்தம் பாய்ந்து ஒட்டும்.

(இதை அவன் நேராகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கும் கோபம் வந்தது. சொன்னான். போனில், மஹாலட்சுமியிடமே. "ஆன்ட்டி, கத்தியில காந்தம் ஒட்டினாத்தான்…" "கடைக்காரனும் இதையேதான் சொல்லுவான் தம்பி." பாவம்.)

ஆகவே கதிரவன் தன் உயிரான 440சி கத்தியின் பக்கத்தில், கண்ணாடி போல மின்னும் ஒரு 304 கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டான். ஒன்று தேர்வில் தேறும். மற்றது கிழங்கை வெட்டும்.

* இதையெல்லாம் அவன் அபிராமிக்கு விளக்கியபோது கேட்டதுதான். அவள் எவ்வளவு கேட்டாள் என்பது வேறு.

4

ஞாயிற்றுக்கிழமை. நான் மறுபடி மிளகாய் வறுக்கிறேன். சாம்பார் வாளி தேறியது. தோசைத்திருப்பி தேறியது. "கத்தி எங்க தம்பி?"

முடிவு அ: அவன் 304-ஐ எடுக்கிறான். காந்தம் வழுக்கி விழுகிறது. மஹாலட்சுமியின் முகம் மலர்கிறது. பிறகு கிழங்கில் கத்தி இறங்காமல், கிழங்கு துள்ளி ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடுகிறது. மாப்பிள்ளை தரையில் படுத்து, அரிக்கும் கையால் அதைத் துழாவுகிறார்.

முடிவு ஆ: அவன் 440சியை எடுக்கிறான். டக்! காந்தம் ஒட்டுகிறது. மஹாலட்சுமிக்கு அந்தப் பழைய வாளி நினைவு வருகிறது. அவன் கிழங்கை வெண்ணெய் போல வெட்டும்போது, வாசலில் ஆன்ட்டி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

முடிவு இ: அபிராமி காந்தத்தைத் திருடி… (அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள்தான், எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.)

5

நடந்தது இது. கதிரவன் மேடைமேல் மூடியிருந்த துண்டை விலக்கி இரண்டு கத்திகளையும் காட்டினான்.

"இதுல காந்தம் ஒட்டாது ஆன்ட்டி. உங்களுக்காக வாங்கினேன். அது ஒட்டும். அதுலதான் நான் சமைக்கிறேன்."

அபிராமி தலையில் கை வைத்துக்கொண்டாள். மஹாலட்சுமி உள்ளங்கையை நீட்டினார். "அந்த ஒட்டறதைக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. கத்தியை மேடைமேல் வைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பினான்.

"கையில குடுத்தா சண்டை வரும் ஆன்ட்டி."

"இவ்வளவு ஸ்டீல் பேசறீங்க, இதையெல்லாம் நம்புவீங்களா?"

"மத்தவங்ககிட்ட இல்ல. உங்ககிட்ட ரிஸ்க் எடுக்க முடியாது."

மஹாலட்சுமியின் உதட்டில் சிரிப்பு அசைந்ததா? ஒரு கையில் காந்தம். மறு கை கத்தியை நோக்கிப் போகிறது. கிழங்கு காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் வாணலி புகைந்தது. இருமிக்கொண்டே கதிரவன் ஜன்னலைச் சாத்திவிட்டான்!

அப்புறம் என்ன வாசனை வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவை உங்கள் கையில் கொடுக்க மாட்டேன். நமக்குள் சண்டை வரும். இதோ, மேடைமேல் வைக்கிறேன். பிடி உங்கள் பக்கம்.