இருபத்து மூன்று தேள்கள்

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் பெரியவர்கள் கைவைத்தால் எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும். ஐந்து வயதுக் குழந்தை கத்தரித்த வட்டம் வட்டமாக இருக்கவே முடியாது. பசை விளிம்பைத் தாண்டாமல் நின்றால், பக்கத்தில் ஒரு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அர்த்தம். பத்து வருடமாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது.

அந்த வாரம் நட்சத்திரக் கூட்டங்கள். திங்கட்கிழமை களிமண் உருண்டைகளைக் குச்சிகளால் கோத்து சப்தரிஷி மண்டலக் கரண்டி செய்தோம். செவ்வாய்க்கிழமை ஏழு பிள்ளைகளைத் தரையில் நிறுத்தி நூலால் இணைத்தோம். ஒரு நட்சத்திரம் பாத்ரூம் போய்விட்டு வரும்வரை மற்ற ஆறும் காத்திருந்தன. புதன்கிழமை தேள். புள்ளி வைத்த படமும் கறுப்பு அட்டையும் கொடுத்தனுப்பினேன். புள்ளிகளில் குண்டூசியால் குத்தி, அட்டையை, இரண்டு பக்கமும் திறந்த காலி டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். உள்ளே டார்ச் வைத்தால் சுவரில் தேள் விழும். வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கலாம், கைவைக்கக் கூடாது என்று சீட்டும் எழுதி அனுப்பினேன்.

வியாழன் காலை, பிள்ளைகள் வெளியே விளையாடும்போது திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஒவ்வொரு டப்பாவாகச் சோதித்தேன். தேள்கள் கோணலும்மாணலுமாக விழுந்தன. எல்லாவற்றுக்கும் வால் வலப்பக்கம். கடைசியில் மிளகின் டப்பா. வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய தேளுக்கு மட்டும் வால் இடப்பக்கம்.

"பாவம், தப்பாக் குத்திட்டா" என்றார் வகுப்பில் உதவிக்கு இருக்கும் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். படத்தை எடுத்து ஒப்பிட்டதும் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் வால் இடப்பக்கம். அவளுடையது ஒன்றுதான் சரி. மற்ற இருபத்திரண்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறி விழுந்திருந்தன. மூன்று வருடமாக நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மூன்று வருடமும் தேள் மாறித்தான் விழுந்திருக்கும், நான் கவனித்ததே இல்லை. எனக்கே தெரியாதது இந்தப் பொடிசுக்கு எப்படித் தெரியும்?

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இதை யாரு செஞ்சாங்க கண்ணு?"

"நான்தான் மிஸ்."

"வால் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"படத்தை ஜன்னல்ல திருப்பி வெச்சுப் புள்ளி போட்டேன். திருப்பிக் குத்தினாத்தான் செவுத்துல நேரா விழும்."

மனப்பாடம் செய்ததுபோல் மளமளவென்று வந்தது. என் சந்தேகம் இன்னும் வலுத்தது. செய்துகொடுத்தது மட்டுமில்லை, சொல்லியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்!

"யாரு சொல்லிக்கொடுத்தா? அம்மாவா, அப்பாவா?"

"யாரும் சொல்லல."

"மிஸ்கிட்டப் பொய் சொல்லலாமா? அப்பா செஞ்சாருன்னு சொல்லிடு. மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான்தான் மிஸ்." இந்தத் தடவை குரல் பாதியாகிவிட்டது.

"சரி, இது இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நீயே ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வா. இல்லேன்னா உன் தேள் செவுத்துல வராது."

அவள் போனபிறகு அக்கா மெல்ல ஆரம்பித்தார். "அவங்கப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டா மட்டும் ஒத்துக்குவாரா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை புது டப்பா வந்தது. ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன, ஒன்று கிழிந்தே போயிருந்தது. டார்ச் வைத்துப் பார்த்தேன். வால் வலப்பக்கம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா? இதுதான் குழந்தை செஞ்சது!"

மிளகின் கன்னத்தைத் தட்டி, "இப்பதான் நல்ல பொண்ணு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் பெற்றோர்கள் வந்து குட்டி நாற்காலிகளில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிளகின் அப்பா ஒல்லியான மனிதர், நகக்கண்ணெல்லாம் மை. டார்ச்சுகளைப் போட்டதும் சுவர் முழுக்க இருபத்து மூன்று தேள்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. ஆள் எங்கேயாவது மாட்டுவார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் மகளிடம் குனிந்தார். "ஏம்மா திருப்பாம குத்தினே? மொதல்ல செஞ்சது நல்லா இருந்துச்சே."

அவள் அவர் காதைப் பிடித்து இழுத்து ரகசியம் சொன்னாள். ஐந்து வயது ரகசியம், எனக்கும் கேட்டது.

"திருப்பிக் குத்தினா மிஸ் நம்ப மாட்டாங்கப்பா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான் ரப்பர் ஸ்டாம்ப் செய்றவன் மிஸ். எழுத்தைத் திருப்பி வெட்டினாத்தான் தாள்ல நேரா விழும். தவழ்ற வயசுலேருந்து இவ கடையில என் காலடியிலதான் கெடக்கறா. இதைத் தனியா வேற சொல்லிக்கொடுக்கணுமா? அன்னிக்கு நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிச்சு வெச்சுட்டா."

இவ்வளவு பெரிய கெட்டிக்காரியை ஒரே நாளில் தப்பாகக் குத்தப் பழக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அப்போதே சரிசெய்துவிட வேண்டும் என்று தவித்தேன். அலமாரியைத் திறந்து அவளுடைய முதல் டப்பாவை எடுத்தேன். மற்ற டார்ச்சுகளையெல்லாம் அணைக்கச் சொன்னேன்.

"எல்லாத் தேளும் மாறி விழுந்திருக்கு. பிள்ளைங்க தப்பு இல்ல, சொல்லிக்கொடுத்த என் தப்பு. ஒரே ஒரு தேள்தான் சரி. பாருங்க."

பளிச்சென்று விழுந்தது, வால் இடப்பக்கமாக. எல்லாரும் மறுபடியும் கைதட்டினார்கள். நான் மிளகை முன்னால் கூட்டிவந்து நிறுத்தினேன்.

"இதைச் செஞ்சது யாருன்னு எல்லாருக்கும் சத்தமாச் சொல்லு கண்ணு."

அவள் சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா செஞ்சாரு மிஸ்" என்றாள், நல்ல பொண்ணாக.