ரோஸ்விதாவின் பொத்தான்கள்

இடது மார்பை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டு வீடு திரும்பிய மறுநாளிலிருந்து, ரோஸ்விதா எந்த உடையை அணிந்தாலும் அதில் காலைக்கொரு பொத்தான் புதிதாக முளைத்தது. பால்டிக் கடலோரத்து ஸார்னோவில் அந்த வருஷம் கம்பளி நூல் கிடைக்கவில்லை, ஆப்பிள் நன்றாகக் காய்த்தது, ரோஸ்விதாவுக்குப் பொத்தான் முளைத்தது என்று ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தது. இரவு உடை, சமையல் மேலங்கி, மழைக்கோட்டு எதையும் அவை விட்டுவைக்கவில்லை. கூட்டுறவுக் கடையில் பொத்தான் தீர்ந்தபோது ஊரே அவளிடம்தான் வந்து வாங்கிப்போனது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஆனால் அந்தத் துணிக்கடியில் இருந்ததைக் கணவன் எக்கார்டுக்குக்கூட அவள் காட்டவில்லை. எக்கார்ட் படகுகளுக்குப் பாய் தைப்பவன், பொறுமைசாலி. கேட்காமலே இருந்தான். கேட்காமல் இருந்தது நாளடைவில் பேசாமல் இருப்பதாக ஆயிற்று.

ஸார்னோவில் கோடை வந்தால் யாரும் உடையோடு கடலுக்குப் போவதில்லை. கட்சிச் செயலாளரும் பாதிரியாரும் ஒரே மணல்மேட்டில் பிறந்தமேனியாகப் படுத்துக் கிடப்பார்கள். துணியில்லாமல் யார் எவரென்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ரோஸ்விதாவும் சிறுவயதிலிருந்து அப்படி நீந்தியவள்தான். இப்போது கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டோடு மணலில் உட்கார்ந்து எல்லோருடைய கூடைகளுக்கும் காவலிருந்தாள். மூன்றாவது கோடையில் மேல்பொத்தான் தொண்டையை நெரிக்கத் தொடங்கியது. உருளைக்கிழங்கை விழுங்க முடியவில்லை. மூச்சும் பாதிதான் இறங்கியது.

மீனைப் புகையில் வாட்டி விற்கும் டோரிட் கடலிலிருந்து நீர்சொட்ட ஏறிவந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடி, வேகுறியா?"

"எனக்குக் குளுருது."

"எல்லாரும் உன்னத்தான் பாக்குறாங்க, தெரியுமா? இந்தக் கரையிலயே துணி போட்டிருக்கிறவ நீ ஒருத்திதான்."

"கழட்டுனா மட்டும் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க, ஒரு நிமிஷம். அப்புறம் சாப்பாட்டுக் கூடைய பாப்பாங்க." டோரிட் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இத பாரு, மூணு புள்ள பெத்து காத்துப்போன பலூன். எவனாவது திரும்பிப் பாக்குறானா? பாத்தாலாவது நல்லாருக்கும்."

ரோஸ்விதா அன்றுதான் கரையை நிஜமாகப் பார்த்தாள். தபால்காரர் ஹார்ட்முட் போரில் போன காலின் மிச்சத்தை வெயிலில் நீட்டியிருந்தார். வெல்டிங் வேலைக்காரனின் முதுகு முழுக்கத் தீக்காயம். ஆசிரியையின் தொடைகளில் நீலநரம்பு ஆறுகளாக ஓடியது. அத்தனை உடம்பிலும் பத்திரிகை அட்டைப்படம்போல ஒன்றுகூட இல்லை. எல்லோரும் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கீழ்ப்பொத்தானில் கைவைத்தாள். பக்கத்தில் படுத்திருந்த எக்கார்ட் உதவ எழுந்தான். "வேணாம், நானே," என்றாள். ஒன்றைக் கழற்றினால் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. நகம் பிய்ந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே கழற்றினாள். சுற்றிலும் பந்தாட்டம் நடந்தது, காற்றுத்தடுப்புத் துணி ஒன்று சரிந்தது, அதை நிமிர்த்தினார்கள். வெயில் சாய்ந்தபோது தொண்டைப் பொத்தான் தெறித்து மணலில் விழுந்தது. கோட்டும் அதன்பின் விழுந்தது. கடற்காற்று தழும்பைத் தொட்டுவிட்டுப் போனது.

ஹார்ட்முட் நிமிர்ந்து பார்த்தார். "ரோஸ்விதா, உங்கிட்ட கடுகுச்சாந்து இருக்கா? இந்த சாஸேஜ் சப்புன்னு இருக்கு."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

எக்கார்ட் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் மணலில் விழுந்த பொத்தானைத் தேடினாள். மெல்லச் சொன்னான்: "தையல் கோணலா இருக்கு. நான் போட்டிருந்தா நேரா வந்திருக்கும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டரை வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்காதவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவள் எழுந்து கடலுக்குள் நடந்தாள். தண்ணீர் பழையபடி சில்லென்றே இருந்தது. கரையிலிருந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட, மிதவை வரைக்கும் நீந்திப்போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

பிறகு நாட்டைக் கிழக்கு மேற்கென்று பிரித்திருந்த சுவர் விழுந்தது, பணம் மாறியது, மேற்கிலிருந்து வந்தவர்கள் கரையில் பாதியை உடையணிந்தோருக்கென்று பலகை நட்டுப் பிரித்தார்கள். டோரிட் பாட்டியானாள். ரோஸ்விதாவின் தோல் சுருங்கி, தழும்பும் மற்றச் சுருக்கங்களோடு ஒரு சுருக்கமானது. சூரியன் தலைகாட்டாத நவம்பர் வாரங்களில் இப்போதும் ஒன்றிரண்டு பொத்தான் முளைக்கும். அவற்றைக் கத்தரித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவாள்.