ஒன்பதாவது கேள்வி

இந்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் போஹா என்கிற அவல் உப்புமாவும் ஜிலேபியும். ஓஜஸ்வி வீட்டில் அவற்றோடு பூபாஜியும் வந்துவிடுவார். அவளுடைய அத்தையின் கணவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை எம்பிஏ படிப்புக்கான கேட் (CAT) தேர்வு எழுதியவர். தேறினார் என்று யாரும் சொன்னதில்லை. எழுதினார் என்பதை அவர் சொல்லாத நாளில்லை. அதனால் எம்பிஏ நுழைவுத்தேர்வு என்றாலே குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பி.காம் முடித்த ஓஜஸ்விக்கு அப்பா ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார். ஒரு தேர்வு எழுதலாம். இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் ரத்லாம் ஜவுளிக்கடைக்காரர் மகனோடு கல்யாணம். அவளுக்கு ஜனவரியில் வரும் ஸாட் (XAT) என்ற எம்பிஏ தேர்வுதான் வேண்டும். 'இந்த மேனேஜர் என்ன முடிவெடுக்க வேண்டும்?' என்று அதில் ஒரு பகுதி உண்டு. மாதிரித் தேர்வுகளில் அவள் அதில் சறுக்கியதே இல்லை. சொந்த விஷயத்தில் முடிவெடுக்க விடாத வீட்டில், முகம் தெரியாத மேனேஜர்களுக்காவது முடிவெடுத்துக் கொடுத்தாள்.

பூபாஜி கேட் பக்கம். "இடம் கிடைக்கலேன்னாலும் கேட் எழுதினான்னு கல்யாண பயோடேட்டால போட்டுக்கலாம். ஸாட்னு போட்டா ரத்லாம்காரன், பொண்ணு சாட் கடை வெச்சிருக்குன்னு நினைப்பான்."

பிறகு செல்போனில் விதிமுறையைப் படித்தார். ஸாட்டில் எட்டுக் கேள்விகள் வரை பதில் எழுதாமல் விடலாம். ஒன்பதாவதிலிருந்து, விட்ட ஒவ்வொன்றுக்கும் மார்க் குறையும்.

"சும்மா இருந்தாலே மார்க் போயிடும். வாயே திறக்காத நம்ம பொண்ணுக்கு ஏத்த பரீட்சைதான், போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஓஜஸ்வி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏன் இளைச்சுட்டே, ஒழுங்கா படிக்கிறியா, சமைக்கக் கத்துக்கிட்டியா என்று காலையிலிருந்து அவளிடம் கேட்டவை எட்டு. எட்டுக்கும் வேறு யாராவது பதில் சொல்லியிருந்தார்கள்.

அத்தை ஒன்பதாவதைக் கேட்டாள். "பையன் போட்டோ பார்த்தியாடி? பிடிச்சிருக்குல்ல?"

"பிடிக்காம என்ன," என்று ஆரம்பித்த அம்மா முடிப்பதற்குள் ஓஜஸ்வி சொன்னாள். "பிடிக்கல அத்தை."

கரண்டி ஒன்று கீழே விழுந்தது. ஓஜஸ்வி அதோடு நிற்கவில்லை. "பூபாஜி, கேட்ல உங்களுக்கு எத்தனை பர்சன்டைல் வந்துச்சு?"

அத்தையும் ஆவலாகத் திரும்பினாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் ஆகியும் அவளுக்கே தெரியாத கணக்கு அது. பூபாஜி ஒரு ஜிலேபியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஓஜஸ்வி செல்போனில் ஸாட் விண்ணப்பத்தைத் திறந்தாள். அதில் அப்பாவின் எண்தான் கொடுத்திருந்தாள். அவருடைய போன் மேஜைமேல் ஒருமுறை சிணுங்கியது.

"அப்பா, ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

அப்பா பழக்கதோஷத்தில் பூபாஜியைப் பார்த்தார். பூபாஜி இன்னும் மென்றுகொண்டிருந்தார். அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

"நாலு," என்றார் மெதுவாக. "ஏழு..."

"கேக்கலப்பா. கொஞ்சம் சத்தமா."