நோன்பு முடிந்த மதியம்

பாஸ்கா பண்டிகையன்று, இயேசு உயிர்த்தெழுந்த நாளின் மதியம், அம்மா கோழிக்குழம்புச் சட்டியைத் திறந்தபோது எனக்கு அழுகை வந்தது. நோன்பின் ஐம்பத்தைந்து நாளும் இந்த வாசனைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

நோன்புக் காலம் எனக்கு வசதியாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிவரை யாரும் சாப்பிடச் சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகும் நான் ஒரு பிடி வறுத்த பார்லியோடு எழுந்துவிடுவேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்தாள். ஆபரேஷனில் பிழைத்ததற்கு மகள் நன்றி செலுத்துகிறாள் என்று தேவாலய வாசலில் எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதமே வலி திரும்பிவிட்டிருந்தது. வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒரு தசைநார் அழுத்துகிறது என்று போன வருடம் அந்த நாரை அறுத்துவிட்டார்கள். இப்போது அறுத்த இடத்தில் தழும்பு வளர்ந்து மறுபடியும் அழுத்துகிறதாம். சாப்பிட்ட அரைமணியில், விலா எலும்புகளுக்குக் கீழே யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்வதுபோல இருக்கும். போன மாதம் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனேன்.

"மறுபடி திறந்து பாக்கலாம். முதல் தடவை மாதிரி சுலபமில்ல. வலி போயிடும்னு என்னால சொல்ல முடியாது," என்றார்.

"செய்யலேன்னா?"

"இப்படியே மெலிஞ்சுக்கிட்டே போவே."

பாஸ்காவுக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டு அஸ்கலே அக்கா எங்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி மஸ்தவால், மடத்துல சேரப்போறியா? பாவாடை இடுப்புல நிக்கமாட்டேங்குது!"

"இன்னையோட முடிஞ்சுது. அடுத்த மாசம் இவ கன்னத்தைப் பாரு," என்றாள் அம்மா.

புளித்த மாவில் சுட்ட இஞ்செரா அப்பத்தைக் கிழித்துக் கறியைப் பொதிந்து என் வாயில் ஊட்டினாள். எங்கள் வழக்கத்தில் ஊட்டுவது ஒரு கவளத்தோடு நிற்பதில்லை. வேண்டாம் என்றால் அந்தக் கையைத் தட்டிவிட்டதுபோல. விழுங்கினேன். இரண்டாவது கவளத்தில் குழம்பிலிருந்த முட்டையை முழுதாக வைத்து உயர்த்தினாள்.

"அம்மா, வலி போகல."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"அப்ப நோன்பு?" என்றாள் அம்மா.

"சாப்பிடலேன்னா வலிக்காது."

"திரும்ப வெட்டணுங்கிறாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"வெட்டலாங்கிறாங்க. சரியாகும்னு சொல்லல. நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றாள் அம்மா, மெல்ல.

ஊட்ட எடுத்த கவளம் தட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அது என் வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. முதல் கவளம் வலிக்க இன்னும் அரைமணி இருந்தது. சிவந்த நெய் அம்மாவின் விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி, பண்டிகை வெள்ளைச் சட்டையின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.