கர்ப்பிணி இருக்கும் வீடு

வீடு தூக்கும் வேலையில் அவசரம் கூடாது என்று அந்தோணிசாமி மேஸ்திரி எல்லாரிடமும் சொல்வார். அவரே பெரிய அவசரக்காரர். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், லக்ஷ்மிநாராயணன் சாரின் வீடு ஜாக்கிகள் மேல் நின்றது. அவர் கட்டியபோது வீடு தெருவைவிட உயரம். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, கடைசியில் தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்று ஆனது. மழைக்காலத்தில் தண்ணீர் காலிங்பெல் அடிக்காமல் உள்ளே வந்தது. அதனால் அடிச்சுவரை அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, கீழே வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திருகுவார்கள். வீடு கொஞ்சம் ஏறும். சாரும் அவர் மனைவி திரிபுரசுந்தரியும் மாடி அறையில் குடியிருந்தபடி வீட்டோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

குப்புராஜுக்கு வடக்குப் பக்க ஜாக்கிகள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போக உடம்பு ஒத்துழைக்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு, சாமானுக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொண்டார். அவருக்குத் துணை மைனா. சார் வீட்டு நாய். ஒரு வயது ஆகவில்லை. உடம்பு சின்னது, காது பெரியது. பகலில் குப்புராஜின் துண்டின் மேல் படுத்துக்கொண்டு, அவர் ஜாக்கி திருகுவதைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பதுபோல் பார்க்கும்.

மைனாவுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று நாய் டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். வீட்டு வேலை முடியட்டும் என்று சார் தள்ளிவைத்தார். வீட்டு வேலைக்கு ஜாக்கி உள்ளே வர கேட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியவர் குப்புராஜ். மைனா பருவத்துக்கு வந்திருக்கிறது, வழியை அடைத்தே வையுங்கள் என்று டீச்சரம்மா அவரிடம் சொன்னார். திரிபுரசுந்தரி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவைதான் சொல்வார். குப்புராஜ் ஒரு பலகையை வைத்து அடைத்தார். ஒரு நாள் சாரம் கட்டப் பலகை போதவில்லை. அதை எடுத்துச் சாரத்தில் போட்டு, அதன் மேலேயே ஏறி நின்று வேலை செய்தார். கீழே, ஜெபசீலன் டீக்கடையில் படுக்கும் பழுப்பு நாய் உள்ளே வந்து போனது. மேலே இருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இறங்கி வருவதற்குள் ஆகவேண்டியது ஆகிவிட்டது.

மைனாவின் வயிறு கொஞ்சம் தெரிந்ததும் டீச்சரம்மா வேலையை நிறுத்தச் சொன்னார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கடப்பாரை வைக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, வீட்டை அசைக்கவே கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"நாய்க்கெல்லாமா அந்த சாஸ்திரம் கீது?" என்று அந்தோணிசாமி கேட்டார்.

சாருக்கும் அதே சந்தேகம். வீட்டுக்குப் புரோகிதம் பண்ணும் வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். வாத்தியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, நாயைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றார். நாய்க்கு விலக்கு உண்டு என்றும் சொல்லவில்லையே என்றார் டீச்சரம்மா. வாத்தியாருக்கு வேறு வீட்டில் சிரார்த்தம் இருந்தது, போனை வைத்துவிட்டார். விலக்கு உண்டு என்று நிரூபிக்காதவரை விலக்கு இல்லை என்று டீச்சரம்மா முடிவு கட்டினார். விசில் அந்தோணிசாமியின் பைக்குள் போனது.

மறுநாள் மைனாவை மேற்குத் தாம்பரத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். குப்புராஜ் மடியில்தான் அது அசையாமல் இருக்கும் என்பதால் அவரும் போனார். டாக்டர் அம்மா ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். இதுவே இன்னும் முழுசாக வளராத நாய். இடுப்பு எலும்பு குறுகல். அப்பா நாய் பெரியது என்றால் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளலாம். தாயும் போகலாம், குட்டியும் போகலாம். நல்லபடியாகப் பெற்றாலும் குட்டிகளுக்குப் பாலும் ஊசியும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல வீடு தேட வேண்டும். பெட்டைக் குட்டி என்றால் வாங்க ஆள் வராது, ஏரிக்கரையில் விடத்தான் ஆள் வரும். வேண்டாம் என்றால் இந்த வாரத்துக்குள் கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம். தள்ளிப்போகப் போக ஆபத்து கூடும். "முடிவு உங்களோடது" என்று இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். சார் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது சார் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். இரும்புலியூர் திருப்பத்தில் அவர், "ஆபரேஷன் பண்ணிட்டா வேலையும் ஆரம்பிச்சுடலாம்" என்றார். டீச்சரம்மா கையை நீட்டி மைனாவின் பெரிய காதைப் பொத்தினார். ஆபரேஷன் பேச்சு அத்தோடு நின்றது.

வீடு அந்தரத்தில் நின்றது. ஆட்கள் சீட்டாடினார்கள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் தூறல் போட்டு, வடக்குப் பக்கம் மண் நெகிழ்ந்தது. குப்புராஜ் ஜாக்கிகளுக்குக் கீழே கட்டை கொடுத்து இறுக்கினார். மைனா துண்டின் மேல் படுத்து அவரைப் பார்த்தது. முன்புபோல் ஓடி வரவில்லை. அதன் இடுப்பை அவர் உள்ளங்கையால் அளந்து பார்த்தார். ஒரு கைக்கே பத்தவில்லை. இதற்குள்ளிருந்து டீக்கடை நாயின் தலை எப்படி வரும் என்று நினைத்தார். சாரத்துக்கு வேறு பலகை கிடைக்காமலா போயிருக்கும் என்றும் நினைத்தார்.

அந்தோணிசாமி வந்து பக்கத்தில் குந்தினார். "வூடு ஜாக்கி மேல நிக்கறது, ஆளு ஒத்தக் கால்ல நிக்கறாப்பல. நிக்கலாம். குடித்தனம் பண்ண முடியாது. நீ போயி சொல்லுடா அந்தம்மாவாண்ட. நாய் உன் பேச்ச கேக்குது, அந்தம்மாவும் கேக்கும்."

குப்புராஜ் போகவில்லை. மழை வந்தால் எல்லாருக்கும் பேஜார்தான். ஆனால் வாயைத் திறந்தால், வேலை நடக்க வேண்டும் என்பதற்காக வயிற்றில் இருப்பதைக் கலைக்கச் சொல்கிறான் என்றுதான் ஆகும். அது பொய்யும் இல்லை. அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

டீச்சரம்மாவே வந்தார். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மைனாவுக்குத் தயிர்சாதம் வைத்தார். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரியலேன்னு எல்லாரும் நெனைச்சிண்டிருக்கா. புரிஞ்சுது," என்றார். "ஆனா இப்ப பண்ணினா, என் வீடு ஏறணும்னு அதோட குட்டிய எடுத்தேன்னு ஆயிடும் குப்புராஜ். நாளைக்கு அந்த வீட்டுல நான் எப்படிக் காலை நீட்டிப் படுப்பேன்?"

"எனக்கும் அதே கததாம்மா," என்றார் குப்புராஜ். "நான் சொன்னா, கூலிக்கு சொல்றேன்னு ஆவும்."

இரண்டு பேரும் மைனாவைப் பார்த்தார்கள்.

"நாய மாத்துங்க, இல்லாங்காட்டி வூட்ட மாத்துங்க," என்று அந்தப் பக்கமாகப் போன அந்தோணிசாமி எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனார். வீட்டை மாற்ற முடியாது. குப்புராஜ் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்கூட்ல இருக்கட்டும்மா," என்றார்.

டீச்சரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார். கொட்டகை வேறு மனை, வேறு கூரை. கர்ப்பிணி வேறு வீட்டுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் கர்ப்பிணி இல்லை. அன்றைக்கே மைனாவின் தட்டு, விரிப்பு, கடித்துத் துப்பிய செருப்பு எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்து, பெண்ணைப் புறப்பட வைப்பதுபோல் அனுப்பிவைத்தார். நெற்றியில் குங்குமம் வைக்கப் போனபோது அது நக்கிவிட்டது. மறுநாள் காலையில் விசில் கேட்டது. வீடு ஏறியது.

சாருக்குச் சந்தோஷம். ஆட்களுக்குச் சந்தோஷம். டீச்சரம்மா தயிர்சாதத்தோடு கொட்டகைக்கு வந்து, தகரக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். இத்தனை வயதில் குப்புராஜிடம் அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. உட்காரச் சிமென்ட் மூட்டையைத் தட்டிப் போட்டார்.

"வேலை நடக்கறது. மழைக்கு முன்னாடி முடிஞ்சுடும்னு மேஸ்திரி சொல்றார்," என்றார் டீச்சரம்மா. "மைனா இப்ப உங்காத்துல இருக்கு. நீங்கதான் சொல்லணும். என்ன பண்ணலாம்?"

குப்புராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. கூரை கொடுத்தால் பொறுப்பும் சேர்ந்து வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். ஆனால் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. இப்போது எதைச் சொன்னாலும் ஜாக்கி திருகுவது நிற்காது. கூலியும் நிற்காது. வீடு தன்பாட்டுக்கு ஏறும். நாய்க்கு எது நல்லது என்பது மட்டும்தான் பாக்கி.

"குட்டி போட்டா பாக்க ஆசையாத்தான்மா கீது," என்றார். "ஆனா இது தாங்காது. பலகைய எடுத்தவன் நானு. இதுவும் செத்துச்சின்னா நான் எங்க போயி நிப்பேன்? ஆபரேசன் பண்ணிடலாம்மா. இது பொயச்சா போதும்."

டீச்சரம்மா தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் புழுக்கம் அதிகம்தான்.

"நானும் அதேதான் நெனைச்சேன்," என்றார். "ஆட்டோ சொல்லுங்கோ."

ஆபரேஷன் நடந்தபோது இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குப்புராஜ் அந்தப் பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் அம்மா கையைத் துடைத்தபடி வந்து, நல்லபடியாக முடிந்தது, இனிமேல் இந்தக் கவலையே இல்லை என்றார். டீச்சரம்மா உடனே எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்தது எத்தனை என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை.

மைனா, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் குடையோடு வந்து இறங்கியது. வீடு போன தடவை பார்த்ததைவிட உயரத்தில் இருந்தது. வாசல் எங்கே என்று அண்ணாந்து பார்த்தது. படி இன்னும் கட்டவில்லை. பலகை சாய்த்துத்தான் ஏற வேண்டும். முதலில் படியைக் கட்டச் சொன்னார் சார். முதலில் கேட்டை மாட்டச் சொன்னார் டீச்சரம்மா. கேட் மாட்டப்பட்டது. தரை மட்டம் மாறியிருந்ததால் கேட்டுக்கு அடியில் ஒரு நாய் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. குப்புராஜ் அதை யாரும் சொல்லாமலேயே பார்த்துத் தகரம் வைத்து அடித்தார்.

அடித்து முடித்து நிமிர்ந்தபோது பழுப்பு நாய் வெளியே உட்கார்ந்து தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் நின்றிருந்த டீச்சரம்மாவும் அதைப் பார்த்தார். தெருவில் கேட் இல்லாத வீடுகள் இன்னும் இருந்தன. பெட்டை நாய்களும் இருந்தன.

டீச்சரம்மா நேராக டீக்கடைக்குப் போய், அதற்கும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். குப்புராஜ் பின்னால் போனார். ஜெபசீலன் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். அது தன் நாய் இல்லை, சும்மா கடையில் படுக்கும், காலையில் ரெண்டு பொறை ரொட்டி போடுவதோடு சரி என்றார்.

"யார் கூரைக்குக் கீழ படுக்கறதோ அவாதான் முடிவு சொல்லணும்," என்றார் டீச்சரம்மா. "குப்புராஜ் சொன்னார். நீங்களும் சொல்லுங்கோ."

ஜெபசீலன் குப்புராஜைப் பார்த்தார். "இன்னாண்ணா இது?"

"அப்டித்தான்பா," என்றார் குப்புராஜ். "கூரய குட்த்தா மாட்டிப்ப."

ஜெபசீலன் டீயை வைத்துவிட்டு நாயைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு பொறையை எடுத்தார். குப்புராஜ் ஜாக்கி கட்டும் கயிற்றைக் கொண்டுவந்தார். கயிற்றுக்கு வேலை இருக்கவில்லை. பழுப்பு நாய் பொறைக்குப் பின்னால் தானாகவே, மேற்குத் தாம்பரம் போக வந்து நின்ற ஆட்டோவில் ஏறி, சீட்டில் டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.