ஹைட்ரோ போயிடுச்சு

வானொலிப் பதிவுக்குச் சரியாக ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தபோது டூகல் மெர்விக்குப் போன் செய்து, ரோசானும் வருகிறாள் என்றார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் மெர்வி குளோரின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தாள். 0.8 என்று எழுத வேண்டிய இடத்தில் 8 என்று எழுதி, அடித்தாள்.

"அவங்க எதுக்கு?"

"அவளும் நிப்பிகன்ல இருந்திருக்காம்மா. நேத்துதான் பேச்சுவாக்குல சொன்னா. பதினாலு வாரமா நம்மகூட உக்காந்துட்டு வாயே தெறக்கல பாரு. ரெண்டு பேருமா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்ல?"

நல்லா இருக்கும் என்றாள் மெர்வி. போனை வைத்தபிறகு அதே தண்ணீரை இரண்டாம் முறை சோதித்தாள். 0.8தான்.

ஸ்னோஃபென்ஸ் இசைக்குழு முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கலைவதாக அறிவித்திருந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. தண்டர் பே வானொலி சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ரசிகர்களை வரச்சொல்லியிருந்தது. முதல் பாதியில் எந்த ஆல்பம் உசத்தி என்ற சண்டை. இரண்டாம் பாதியில் நிப்பிகன் கச்சேரி. அதை யார் சொல்வது என்பதில் இதுவரை யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

1988 ஏப்ரல். நிப்பிகன் ஊரில், ஐஸில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கத்தில் பருவம் முடிந்து ஐஸை எடுத்திருந்த வாரம். வெறும் சிமெண்ட் தரையில் நானூறு பேர். யாரோ ஒருவர் பதிவு செய்த கேசட், நகலின் நகலாக வடக்கு ஒன்டாரியோ முழுவதும் சுற்றியது. அதில் கடைசிப் பாட்டின் நடுவே இசை நின்றுவிடும். பாடகர், "ஹைட்ரோ போயிடுச்சு" என்பார். அந்தப் பக்கத்தில் கரண்ட்டுக்கு ஹைட்ரோ என்றுதான் பெயர். ஹைட்ரோ கம்பம், ஹைட்ரோ பில். அதற்குப் பிறகு நான்கு நிமிடம் கூட்டம் மட்டும் பாடும், வாத்தியம் எதுவும் இல்லாமல். அந்த நான்கு நிமிடத்துக்காகவே கேசட்டைத் தேடியலைந்தவர்கள் உண்டு.

மெர்வி அந்த இருட்டைச் சொல்லும்போது டோனட் கடை மேசையில் யாரும் காபியைத் தொட மாட்டார்கள். ஒவ்வொன்றாக எரிந்த லைட்டர்கள். ஷூவைத் தாண்டி ஏறிய சிமெண்ட் குளிர். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத யாரோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. ரசிகர்கள் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் கூடும் அந்த மேசையில், ஹீட்டர் பக்கத்து நாற்காலி அவளுடையது.

அவள் நிப்பிகனுக்குப் போகவில்லை. அன்று அவளுக்கு வயது பதினைந்து. அம்மை போட்டிருந்த தம்பிக்குத் துணையாக வீட்டில் இருந்தாள். மூன்று வருடம் கழித்து, கல்லூரி விடுதியில் அந்த நிப்பிகன் பாட்டைப் பற்றி ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அங்க இருந்தேன் என்று சொன்னாள். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்றைக்குக் கிடைத்த இடத்தை அவள் பிறகு விடவேயில்லை.

ரோசான் வந்தது நவம்பரில். கூட்டுறவு வங்கியில் வேலை, மார்த்தன் என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். முதல் சனிக்கிழமையே ஒரு டஜன் பெர்சியன் பன் வாங்கி வந்தாள், டூகலுக்குப் பிடிக்கும் என்று யாரும் சொல்லாமலே ரோஜா நிற ஐசிங் அதிகமாகப் போட்டது. மெர்வி தன் பங்கை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்து, வீட்டில் குப்பையில் போட்டாள். எல்லோரும் ரோசானை ஒரே வாரத்தில் நீ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மெர்வி மட்டும் நீங்க என்பதை விடவில்லை.

டூகல் தானியக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆல்பத்தோடு ஸ்னோஃபென்ஸ் செத்துவிட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதே சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு ஆட்கள் என்பது அவர் கட்சி. மெர்வியும் அதே கட்சிதான். பழைய டிரம்மர் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வருவார். அதனால்தான் பாட்டு ஜல்லி ரோட்டில் போகிற லாரி மாதிரி இருக்கும். புது ஆள் கடிகாரம். ஆனால் நாலாவது ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டாவது தேறும் என்று அவளுக்கு ரகசியமாக ஒரு எண்ணம் இருந்தது. ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். டூகல் அவள் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ரோசான் ஐந்தாவது வாரத்தில் அதைச் செய்துவிட்டாள்.

"மொத மூணுல அவங்க கோவமா இருக்காங்க, டூகல். நாலாவதுல சோகமா இருக்காங்க. கோவமா எந்தப் பொடியனும் பாடிடுவான்."

அதற்கு முந்தைய வருடம்தான் டூகலின் மனைவி இறந்துபோயிருந்தார். அடுத்த சனிக்கிழமை, நாலாவதைத் திரும்பக் கேட்டேன், கீபோர்டு அவ்வளவு மோசமில்லை என்றார். அதை ரோசானைப் பார்த்துச் சொன்னார். மெர்வி காபியைக் கலக்கினாள். சர்க்கரை போடாத காபி.

இருட்டுக் கதையை ரோசான் கேட்டது மூன்றாவது வாரம். முடியும்வரை மெர்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழகா சொல்ற" என்றாள், அவ்வளவுதான். அது குத்தலா பாராட்டா என்று மெர்வி அன்றைக்கு வீடு போகிற வழியெல்லாம் யோசித்தாள். இப்போது ரோசான் அங்கே இருந்தவள் என்று தெரிந்தபோது வேறு கேள்வி வந்தது. இருந்தவள் ஏன் சொல்லவில்லை? கையில் வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருந்தாள்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மெர்வி கேசட்டை எடுத்தாள். ரோசானுக்கு நினைவிருக்க வாய்ப்பே இல்லாத ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு இருமல், கதவு சாத்துகிற சத்தம், எதுவானாலும் சரி. ஹெட்போன் போட்டு அந்த நான்கு நிமிடத்தை ஆறு முறை கேட்டாள்.

ஏழாவது முறை பாட்டைக் கேட்காமல் பாட்டுக்கு அடியில் கேட்டாள். அங்கே ஒரு ரீங்காரம் இருந்தது. மெல்லிய, ஒரே சீரான ரீங்காரம். பம்ப் அறையில் தினமும் எட்டு மணி நேரம் அவள் காதில் விழுவது. மின்சாரம் ஓடுகிற சத்தம்.

தன் பிளேயரில் வருவதாக இருக்கலாம். டேப்பின் தொடக்கத்துக்குப் போனாள். கூட்டம் உள்ளே வரும் சத்தம், ரீங்காரம் இல்லை. ஆம்ப்ளிஃபயரைப் போடும் டொக் என்ற ஒலி. அந்த நொடியில் ரீங்காரம் தொடங்கியது. கடைசிவரை எங்கேயும் நிற்கவில்லை. ஹைட்ரோ போய்விட்டது என்று சொன்ன பிறகும். யோசித்தால் அந்தக் குரலே மைக்கில்தான் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். கரண்ட் போகவேயில்லை. இருட்டு இருந்ததில்லை. அங்கே நின்ற யாருக்கும் அது தெரியும். தன் கதை பொய் என்று நவம்பரிலிருந்தே ரோசானுக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வானொலி நிலையத்தின் காத்திருப்பு அறையில் ரோசான் மட்டும் இருந்தாள். பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். டூகல் காரை நிறுத்தப் போயிருந்தார்.

மெர்வி கோட்டைக் கழற்றவில்லை. "நிப்பிகன்ல லைட் போச்சா?"

ரோசான் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"போகல. ஹைட்ரோங்கிறது அவங்க நாய். குட்டி நாய், மேடைக்குப் பின்னாடி கட்டி வெச்சிருந்தாங்க. யாரோ கதவத் தெறந்து விட்டுட்டாங்க, ஓடிடுச்சு. பாடகர் மைக்குல சொல்லிட்டுத் தேடப் போனார், மத்தவங்களும் பின்னாடியே போனாங்க. எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாடினோம். ட்யூப்லைட்டெல்லாம் பளிச்சுனு எரிஞ்சுட்டு இருந்துச்சு."

"கெடச்சுதா?"

"ரயில் பாதைகிட்ட."

மெர்விக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. "அப்பவே ஏன் சொல்லல?"

"நான் போனத விட நீ சொன்னது நல்லா இருந்துச்சு, மெர்வி. எனக்கும் அதுலயே இருந்திருக்கலாம்போல இருந்துச்சு." தோளைக் குலுக்கினாள். "இன்னிக்கும் நீயே சொல்லு. நான் தலையாட்டுறேன்."

கச்சேரியும் ரோசானுடையது. டூகலும் இப்போது அவள் பக்கம். கடைசியில் இந்தக் கதையையும் அவளே தானமாகக் கொடுக்கிறாள். மெர்விக்கு வந்த பொறாமையில் காது சூடானது.

முதல் பாதி நன்றாகவே போனது. நிகழ்ச்சி நடத்துகிற பெவ் கிண்டிவிட, டூகல் டிரம்மருக்காக மேசையைத் தட்டித் தாளம் போட்டுக் காட்டினார். ரோசான் கீபோர்டுக்காக வாதாடினாள். மெர்வி பழைய மூன்றின் பக்கம் நின்று பேசினாள். நாலாவதிலும் ஒரு பாட்டு தேறும் என்று சொன்னபோது டூகல் ஆச்சரியமாகத் திரும்பி, இத்தனை நாளா சொல்லவேயில்லையே என்றார்.

பிறகு கேசட்டை ஓடவிட்டார்கள். ஹைட்ரோ போயிடுச்சு. கூட்டம் பாடியது. ஹெட்போனில் அந்த ரீங்காரம் இப்போது மற்ற எல்லாவற்றையும் விடச் சத்தமாகக் கேட்டது. டூகல் கண்ணை மூடியிருந்தார்.

"அன்னிக்கு அங்க இருந்த ரெண்டு பேர் நம்மகூட இருக்காங்க" என்றாள் பெவ். "அந்த இருட்டு எப்படி இருந்துச்சு?"

ரோசான் தன் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மெர்வியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இருட்டு இல்ல" என்றாள் மெர்வி. "லைட் எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. ரோசான், அத நீ சொல்லு."

டூகல் கண்ணைத் திறந்தார்.

"நான் அங்க இல்ல" என்றாள் மெர்வி.