பீற்றிஸ் டீச்சர் எழுதிய பெட்டிசம்

பீற்றிஸ் டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளியில் படித்த நாளிலிருந்து வரலாற்றுப் பாடத்தில் அவள் இரண்டாம் இடம் எடுத்ததே இல்லை. மட்டக்களப்புப் புளியந்தீவில் சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கு நடக்கும் முதுமாணிப் பட்ட வகுப்பிலும் முதல் ஏழு மாதம் அப்படித்தான் போனது.

எட்டாவது மாதம் விரிவுரையாளர் மதுரன் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டு வந்தார். கேள்வி ஒன்றுதான். நூறு வருசத்துக்கு முன்பு அமெரிக்காவிலும் கனடாவிலும் சாராயத்தை ஒழிக்கவும், சிறு பிள்ளைகளைத் தொழிற்சாலைகளிலிருந்து மீட்கவும், பெண்களுக்கு வாக்குரிமை வாங்கவும் பாடுபட்டவர்களில் பலர், முதலாம் உலக யுத்தம் வந்ததும் வெளிநாட்டில் பிறந்த அயலவர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். ஏன்?

பீற்றிஸ் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை நாட்டுக்குள் விடாத சட்டம், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று வரையறுத்த சட்டம், கனடாவில் பெர்லின் என்ற பெயரையே மாற்றிக்கொண்ட நகரம், எல்லாம் அதில் இருந்தன. ஒரு திகதிகூடப் பிழையில்லை.

மதுரன் எடுத்து வாசித்தது சுலக்ஷனாவின் கட்டுரையை. ஆறே ஆறு பக்கம். ஒரு சிற்றூரில் சாராய ஒழிப்புச் சங்கத்தை நடத்திய பெண்ணொருத்தி, இருபது வருசமாகப் பாண் வாங்கிய ஜேர்மன் பேக்கரிக்காரரைப் பற்றிப் பொலிசுக்கு எழுதிய கடிதத்தோடு அது தொடங்கியது. அந்த ஊரின் பழைய பத்திரிகையை இணையத்தில் தேடிப் பிடித்து, இரண்டு பேருக்கும் ஏற்கெனவே வேலிச் சண்டை இருந்ததைச் சுலக்ஷனா கண்டுபிடித்திருந்தாள். கடிதத்தில் வேலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாட்டின் பாதுகாப்பைப் பற்றித்தான் முழுக்க இருந்தது.

வாசித்து முடித்த மதுரன் கட்டுரையை மேசையில் வைத்தார். பிறகு, "கனடாவில ஒரு பல்கலைக்கழகத்தில மூன்று மாதம் ஆவணக் காப்பகத்தில வேலை செய்ய, எங்கட வகுப்புக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. நான் சுலக்ஷனாட பேரை அனுப்பப்போறன்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பீற்றிஸும் தட்டினாள்.

சுலக்ஷனா பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆசிரியர் நியமனம் கிடைத்து மட்டக்களப்புக்கு வந்து நாலு வருசம். வகுப்பில் சேர்ந்த புதிதில் அவளுக்குப் புத்தகம் கொடுத்தது பீற்றிஸ். அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்ததும், வகுப்பு முடிந்தால் தன் ஸ்கூட்டியில் ஏற்றி பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டதும் அவள்தான். அந்தப் பிள்ளையில் தனக்கு உண்மையான பாசம் என்றே நம்பியிருந்தாள். அவள் தனக்குக் கீழே இருக்கும்வரைக்கும்தான் அந்தப் பாசம் என்பது அன்று வீடு வரும் வழியில் தெரிந்தது.

அந்தக் கிழமை ஏழு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுலக்ஷனாவின் கட்டுரையை வட்ஸ்அப்பில் வாங்கி, பிழை தேடி நாலு தரம் வாசித்தாள். இரண்டு எழுத்துப்பிழைதான் அகப்பட்டது. நாலாவது தரம் வாசித்தபோது, இது தன்னால் எழுத முடியாத கட்டுரை என்று விளங்கியது. அதன் பிறகுதான் நெஞ்சு எரியத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கணினியைத் திறந்தாள். "மாவட்டத்தின் நலன் கருதியே இதனை எழுதுகின்றேன்" என்று தொடங்கினாள். சுலக்ஷனாவின் கட்டுரை வேறொருவர் எழுதிக் கொடுத்தது என்றும், அவள் இம்மாவட்டத்தைச் சேராதவள் என்றும், வந்தேறியவர்களுக்கு இடம் கொடுத்தால் இங்கே பிறந்தவர்கள் எங்கே போவது என்றும் எழுதினாள். முக்கால் பக்கத்தில் முடிந்தது. பெயர் போடவில்லை. பாலத்தைக் கடந்து கல்லடிக்குப் போய், வகுப்பை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு அங்கே தபாலில் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாம் சனிக்கிழமை மதுரன் அந்தக் கடிதத்தின் பிரதியோடு வந்தார்.

"ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்திருக்கு. பொய்யாத்தான் இருக்கும். ஆனா விசாரிக்காம விட ஏலாது. விசாரணை முடியுமட்டும் பேர் அனுப்புறதை நிப்பாட்டி வெச்சிருக்கு."

அவர் வாசித்து முடிக்க, எல்லாருடைய கண்களும் அழகரத்தினத்தின் பக்கம் போயின. அழகரத்தினம் பழுகாமத்து ஆள். ஐம்பத்திரண்டு வயது, வாத்தியார் வேலையோடு வயலும் செய்கிறவர். வாய் காரம். போன மாதந்தான், "எங்கட மாவட்டத்துக்கு வாற இடத்தையெல்லாம் வெளியால இருந்து வந்த ஆக்களுக்குக் குடுத்தா எங்கட புள்ளைகள் என்ன செய்யிற?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருந்தார்.

"நான் இல்ல" என்றார் அவர். "எனக்குச் சொல்ல இரிக்கிறத நான் முகத்துக்கு நேரதான் சொல்லுவன். அது உங்களுக்கெல்லாம் தெரியும்தானே?"

தேத்தண்ணி நேரத்தில் அவர் தனியே மாமரத்தடியில் நின்று குடித்தார். பீற்றிஸ் மற்றவர்களோடு நின்றாள். அடுத்த சனி அவர் வரவில்லை.

அந்தக் கிழமைக்குள் மதுரன் பீற்றிஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மாத முடிவுக்குள் விசாரணை முடியாவிட்டால் இடம் வீணாய்ப் போய்விடுமாம்; அப்படியானால் இரண்டாவதாக அவளுடைய பெயரைத்தான் அனுப்ப வேண்டிவரும். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் பின்னேரம் சுலக்ஷனா வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"விசாரணைக்கு எழுத்துல பதில் குடுக்கணுமாம். எனக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல. நீங்க கொஞ்சம் உதவி செய்யுங்கக்கா."

இருவரும் மேசையில் இருந்தார்கள். பெட்டிசத்தின் பிரதி நடுவில் கிடந்தது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் என்ன பதில் எழுத வேண்டும் என்று பீற்றிஸுக்குத் தெரிந்திருந்தது. எது எங்கே பொய் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? முக்கால் மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தாள்.

சுலக்ஷனா 'வந்தேறியவர்கள்' என்ற சொல்லில் விரல் வைத்தாள்.

"எங்கப்பா இந்த நாட்டுலதான் பொறந்தாரு. தோட்டத்து ஆளுங்கள இந்தியாக்காரங்கன்னு ஒதுக்கி வெச்சிருந்ததுல, அவருக்குப் பிரஜாவுரிமை கெடைக்கும்போது முப்பத்தெட்டு வயசு. அன்னைக்கு அந்தக் கடதாசியக் கொண்டாந்து எங்களுக்கெல்லாம் காட்டினாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. இந்தப் பேச்சு அதோட முடிஞ்சதுன்னு நெனச்சிருந்தேன்."

பீற்றிஸ் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனாள்.

திரும்பி வந்தபோது சுலக்ஷனா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்திருந்தாள். அழகரத்தினத்தோடு ஒரே வகுப்பில் இருக்க முடியாது, அவரை விலக்க வேண்டும் என்று மற்றவர்கள் எழுதியது. பதினொரு கையெழுத்து இருந்தது.

"நான் கேக்கல, அவங்களாவே எழுதினாங்க. உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கின்னு குடுத்துவிட்டாங்க."

பேனை மேசையிலேயே கிடந்தது. பீற்றிஸ் கையெழுத்து வைத்தாள்.

இரண்டு நாளைக்குப் பிறகு அழகரத்தினம் அவளுக்கு ஃபோன் பண்ணினார்.

"பீற்றிஸ் டீச்சர், மற்ற ஆக்கள் கையெழுத்துப் போட்டதுக்கு நான் கவலைப்படல்ல. நீங்க வடிவா யோசிச்சுப் பார்க்கிற ஆள். நீங்களும் நான்தான் எழுதினனென்டு நினைக்கிறீங்களா?"

அவள் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சரி. வெச்சிருறன்" என்று அவர் துண்டித்துவிட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்தாள். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பழுகாமத்துக்குப் போனபோது, அழகரத்தினம் வயல்வெளி வட்டைக்குள் நின்று தண்ணி கட்டிக்கொண்டிருந்தார். அவள் வரம்பில் நின்றே சொன்னாள்.

"சேர், அந்தப் பெட்டிசம் நான் எழுதினது."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன? அங்க சொல்லுங்க" என்றார். திரும்பி வாய்க்காலை வெட்டத் தொடங்கினார்.

சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் பீற்றிஸ் எழும்பி நின்று சொன்னாள். அழகரத்தினத்தைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போடுகிறாள் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பெட்டிசத்தை முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் மதுரன், "போதும் டீச்சர்" என்றார்.

சுலக்ஷனா இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "நான் வெளியூர்க்காரிங்கிறதாலயாக்கா?"

"இல்ல. அது எழுத வசதியா இருந்திச்சு. நீ என்னை விட நல்லா எழுதினாய். அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு."

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே."

பீற்றிஸ் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

விசாரணை அந்தக் கிழமையே முடிந்து சுலக்ஷனாவின் பெயரைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். பீற்றிஸை ஒரு வருசத்துக்கு வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். அழகரத்தினம் திரும்பி வந்தார். கையெழுத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து மன்னிப்புக் கேட்டார்களாம். அவர் தலையை மட்டும் ஆட்டினாராம். பீற்றிஸ் இரண்டு தரம் அவருக்கு ஃபோன் பண்ணிப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை.

மாரிமழைக் காலத்தில் ஒருநாள் ஃபேஸ்புக்கில் சுலக்ஷனாவின் படம் வந்தது. தடித்த ஜாக்கெட்டும் கழுத்தைச் சுற்றிச் சால்வையுமாய், பழைய காகிதப் பெட்டிகள் அடுக்கிய மேசைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றாள். பீற்றிஸ் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, பெட்டிகளில் ஒட்டியிருந்த வருசங்களை வாசிக்கப் பார்த்தாள். நெஞ்சில் அதே எரிவு வந்தது. போய்விட்டதென்றுதான் நினைத்திருந்தாள்.

அதற்குக் கீழே ஏதாவது எழுதலாமா என்று யோசித்தாள். என்ன எழுதினாலும் அந்தப் பிள்ளை இனி நம்பாது. ஃபோனைக் குப்புற வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பின் பரீட்சைத் தாள்களைத் திருத்தத் தொடங்கினாள்.